முப்பது நிமிஷமும் ஒரு ட்வீட்டும்

பி.காம் மூணாவது வருஷம்னா ஒரு ப்ராஜெக்ட் பண்ணியே ஆகணும். எங்க க்ளாஸ்ல பாதிப் பேரு திருப்பூர் பனியன் ஏற்றுமதி, மீதிப் பேரு பால் பாக்கெட் வாங்கறவங்களோட திருப்தி. சீனியர்கிட்ட ஃபைலை வாங்கி, வருஷத்தை மாத்தி, பைண்டிங் போட்டா சோலி முடிஞ்சது. நான் மட்டும், "பன்னாட்டு விளையாட்டு அமைப்புகள் சமூக ஊடகத்தில் எப்படிப் பேசுகின்றன"ன்னு எழுதிக் கொடுத்தேன். மேடம் பேப்பரை ஒரு தடவை பார்த்தாங்க, என்னை ஒரு தடவை பார்த்தாங்க. "ஏப்பா, இதுல காமர்ஸ் எங்க இருக்கு?"ன்னாங்க.

இருக்குங்க மேடம், நிறையவே இருக்கு. ஆனா அன்னிக்கு ஸ்டாஃப் ரூம் வாசல்ல பதினஞ்சு பேர் க்யூவுல நிக்கறப்ப இதையெல்லாம் விலாவாரியா சொல்ல முடியுமா? அதான் இங்க உக்காந்து சொல்றேன்.

எல்லா விளையாட்டையும் எடுத்தா தாங்காதுன்னு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டேன்: கார் பந்தயம். கிரிக்கெட்டுக்கு எழுத நாட்டுல ஆளா இல்லை? கார் பந்தயம்னா அது நம்மூர் சமாச்சாரம். செட்டிபாளையத்துல இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வே 2003ல திறந்தது. அந்தப் பேருக்குக் காரணமான கரிவரதன் நம்ம கோயமுத்தூர்க்காரர். இளசுங்க ஓட்டறதுக்குக் கட்டுப்படியாகிற விலையில பந்தயக் கார் செஞ்சு கொடுத்தவர். 1995ல விமான விபத்துல போயிட்டார். அப்புறம் நரேன் கார்த்திகேயன். 1977 ஜனவரி 14, பொங்கல் அன்னிக்குப் பொறந்த மனுஷன். 2005ல ஃபார்முலா ஒன்ல ஓட்டின முதல் இந்தியர். ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் இருக்கறவங்களுக்கு எஞ்சின் சத்தம் ஒண்ணும் புதுசில்லை.

முதல்ல யார் யாருன்னு ஒரு தெளிவு வேணும். கார் பந்தயத்துக்கு உலக அளவுல தலைமை அமைப்பு எஃப்ஐஏ. 1904ல பாரீஸ்ல ஆரம்பிச்சது. ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப் அவங்களோடது, விதிமுறை, தண்டனை, பாதுகாப்பு எல்லாம் அவங்க கையில. ஆனா டிவி, விளம்பரம், டிக்கெட்னு காசு வர்ற சமாச்சாரம் அவங்க கையில இல்லை. விதி போடறவங்களே வியாபாரமும் பண்ணக் கூடாதுன்னு ஐரோப்பிய ஆணையம் கிடுக்கிப்பிடி போட்டதுல, 2001ல பெர்னி எக்லெஸ்டோனோட கம்பெனிக்கு வணிக உரிமையை நூறு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. 2011ல ஆரம்பிச்சு 2110 முடிய. ஆமாங்க, 2110. நம்ம பேரன் பேத்திகளே கிழடாகியிருப்பாங்க.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுவாங்கல்ல, அதே கணக்கு. தோப்பு எஃப்ஐஏவோடது. காய் பறிச்சு விக்கறது குத்தகைக்காரர். அதனாலதான் ஃபோன்ல ஃபார்முலா ஒன்னோட பக்கத்தைத் திறந்தா டிரைவர் பேட்டி, கிண்டல், ஸ்லோ மோஷன்னு ஜாலியா இருக்கும். எஃப்ஐஏ பக்கத்தைத் திறந்தா கூட்டம், கையெழுத்து, கோட் சூட், கைகுலுக்கல். ரெண்டும் ஒரே விளையாட்டு, ஆனா பேசற வாய் வேற. விளையாட்டு அமைப்பு சமூக ஊடகத்துல என்ன பண்ணுதுன்னு ஆராய்ச்சி பண்ற முக்கால்வாசிப் பேரு இதைக் கவனிக்கறதே இல்லைன்னு நினைக்கிறேன். லைக்கை எண்ணி ஒரு பை சார்ட் போட்டுட்டுப் போயிடறாங்க.

இப்ப ஒரு கொசுவத்திச் சுருள். 2005 ஜூன் 19, அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ். மிஷெலின் டயர் அந்த ட்ராக்கோட கடைசி வளைவுல தாங்காதுன்னு வெள்ளிக்கிழமையே தெரிஞ்சு போச்சு. அந்த வளைவுல ஒரு தடுப்பு வெச்சு வேகத்தைக் குறைங்கன்னு டயர் கம்பெனி கேட்டுச்சு. ட்ராக்கை எல்லாம் மாத்த முடியாது, உங்க வண்டிகளை மெதுவா ஓட்டச் சொல்லுங்கன்னு எஃப்ஐஏ சொல்லிருச்சு. இதெல்லாம் எப்படி நடந்துச்சுங்கறீங்க? கடுதாசி! இவங்க அவங்களுக்கு ஒரு லெட்டர், அவங்க இவங்களுக்கு ஒரு லெட்டர், அப்புறம் அந்த லெட்டர்கள் பத்திரிகைக்காரங்க கைக்கு. ஸ்டாண்ட்ல உக்காந்திருந்த ஜனங்களுக்கு விஷயமே தெரியாது. ஃபார்மேஷன் லேப் முடிஞ்சதும் 14 கார் நேரா உள்ள திரும்பிப் போயிருச்சு. மீதி ஆறு கார்தான் ஓடுச்சு. காசு கொடுத்து வந்த ஜனம் சும்மா இருக்குமா, பாட்டிலைத் தூக்கி ட்ராக்ல வீசினாங்க.

அந்த ஆறு கார்ல ஒண்ணு நம்மாளு. நாலாவதா வந்தார், அஞ்சு பாயிண்ட். ஃபார்முலா ஒன்ல இந்திய டிரைவர் ஒருத்தர் வாங்கின பாயிண்ட் இன்னிக்கு வரைக்கும் அந்த அஞ்சு மட்டும்தான். நான் அப்போ கைக்குழந்தை. எங்கப்பா அந்த வாரத்துப் பேப்பர் கட்டிங்கை பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வெச்சிருக்கார், இன்னும் இருக்கு. "ஆறு பேர் ஓடினதுல நாலாவதுப்பா"ன்னு சொன்னா கோவம் வந்துரும். "அந்த ஆறுல ஒண்ணா இருக்கறதுக்கு உன்னால முடியுமாடா?"ம்பார். நியாயந்தான்.

யூட்யூப் அந்த வருஷம்தான் ஆரம்பிச்சிருந்தது. ட்விட்டர் அடுத்த வருஷம்தான் வந்துச்சு. அந்த வெள்ளிக்கிழமை ட்விட்டர் இருந்திருந்தா அந்த லெட்டரெல்லாம் அஞ்சு நிமிஷத்துல எல்லார் ஃபோன்லயும் இருந்திருக்கும், பாட்டிலை எங்க வீசணும்னாவது ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் :)

அப்புறம் ட்விட்டர் வந்துச்சு, ஃபேஸ்புக் வந்துச்சு. எக்லெஸ்டோன் தாத்தா மட்டும் அசையலை. 2014ல ஒரு பேட்டியில, இந்த ட்விட்டர் ஃபேஸ்புக் எல்லாம் எனக்கு எதுக்கு, சின்னப் பசங்க ரோலக்ஸ் வாட்சா வாங்கப் போறாங்க, காசு வெச்சிருக்கற எழுபது வயசுக்காரர் பார்த்தாப் போதும்னு சொன்னார். சிரிப்பா இருந்தாலும் இதுவும் ஒரு மார்க்கெட்டிங் கொள்கைதான், டார்கெட் கஸ்டமர்னு நாம படிச்சோமே. 2017 ஜனவரியில லிபர்ட்டி மீடியாங்கற அமெரிக்கக் கம்பெனி, கடனையும் சேர்த்து 800 கோடி டாலர் கணக்குல இதை வாங்குச்சு. அந்த வருஷ டெஸ்டிங்லயே அணிகளும் டிரைவர்களும் ட்ராக்ல இருந்து சின்னச் சின்ன வீடியோ போடலாம்னு கதவைத் திறந்து விட்டாங்க. 2019ல நெட்ஃபிளிக்ஸ் தொடர். எங்க க்ளாஸ்ல கியர் எந்தப் பக்கம்னே தெரியாத புள்ளைங்க எல்லாம் டயர் ஸ்ட்ராட்டஜி பேசறது அதுக்கப்புறம்தான். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், விடுங்க.

எனக்கு நிஜமா சுவாரஸ்யமா பட்டது 2023 ஜனவரி.

ஃபார்முலா ஒன்னை 2000 கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்க சவுதி அரசோட முதலீட்டு நிதியம் யோசிச்சதா ஒரு செய்தி வந்துச்சு. எஃப்ஐஏ தலைவர் முகமது பின் சுலாயம் உடனே ட்விட்டர்ல அவரோட சொந்தக் கணக்குல எழுதினார். இந்த விலை ஊதிப் பெருக்கின விலை, வாங்க வர்றவங்க கொஞ்சம் நிதானமா யோசிக்கணும், வெறும் காசோட வராம தெளிவான திட்டத்தோட வரணும், இதுதான் சாரம். அவ்வளவுதான், குத்தகைக்காரருக்கு வந்துச்சே கோவம். வக்கீல் லெட்டர் பறந்துச்சு. வணிக உரிமையில தலையிட உங்களுக்கு அதிகாரம் இல்லை, பங்குச் சந்தையில இருக்கற ஒரு கம்பெனியோட மதிப்பைப் பத்தி நீங்க பேசறது வரம்பு மீறல்னு.

தென்னந்தோப்புக்கு வருவோம். குத்தகைக்காரர் வியாபாரியோட விலை பேசிக்கிட்டு இருக்கார். அந்த நேரம் பார்த்துத் தோப்புக்காரர் வரப்புல நின்னு, "காய் அவ்வளவு பெறாதுங்கோ"ன்னு சத்தம் போட்டா எப்படி இருக்கும்? தோப்பு அவரோடதுதான். அவர் சொல்றது உண்மையாக்கூட இருக்கலாம். ஆனாலும் அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கா? இங்கதான் மேடம் காமர்ஸ் இருக்கு. செபியோட 2015 விதிகள்ல வெளியிடப்படாத தகவல், அது விலையைப் பாதிக்கறது பத்தியெல்லாம் படிச்சோம். பின் சுலாயம் சொன்னது அந்த வகையில வராது, அது ரகசியத் தகவல் இல்லை, வெறும் கருத்து. ஆனா யார் சொல்றாங்கங்கறதுல கருத்தே எடை கூடிருது. நானும் நீங்களும் சொன்னா டீக்கடைப் பேச்சு, எஃப்ஐஏ தலைவர் சொன்னா வக்கீல் நோட்டீஸ். அடுத்த மாசம், ஃபார்முலா ஒன்னோட அன்றாட வேலையில இருந்து விலகிக்கறதா அணிகளுக்கு அவர் எழுதினார். அது முன்னாடியே போட்ட திட்டம்னு எஃப்ஐஏ சொல்லுச்சு. இருக்கலாம்.

அதே வருஷம் டிசம்பர்ல இன்னொரு கூத்து. 5ஆம் தேதி எஃப்ஐஏ ஒரு அறிக்கை போட்டுச்சு. ஒரு அணித் தலைவருக்கு ஃபார்முலா ஒன் கம்பெனி ஊழியர் ஒருத்தர்கிட்ட இருந்து ரகசியத் தகவல் போறதா பத்திரிகையில அடிபடுது, அதை எங்க கண்காணிப்புப் பிரிவு பார்க்குதுன்னு. பேரே போடலை. ஆனா பேர் போடாத கிசுகிசுவுல யாருன்னு கண்டுபிடிக்க நமக்குச் சொல்லியா தரணும்? மெர்சிடிஸ் தலைவர் டோட்டோ வோல்ஃப், அவர் மனைவி சூசி வோல்ஃப். சூசி பெண்களுக்கான எஃப்1 அகாடமி பந்தயத்தை நடத்தறவங்க. ரெண்டு பேரும் மறுத்தாங்க. மறுநாள்தான் வேடிக்கை. போட்டி அணிகள் ஒன்பதும், ஆமா ஒன்பதும், கிட்டத்தட்ட ஒரே வாசகத்தை அவங்கவங்க பக்கத்துல போட்டாங்க: நாங்க எஃப்ஐஏகிட்ட எந்தப் புகாரும் கொடுக்கலை. காலையில காப்பி கலர் பத்தி ஒத்துப் போகாத ஒன்பது பேர், அசைன்மெண்ட் காப்பியடிச்ச பசங்க மாதிரி வரிக்கு வரி ஒண்ணா. 7ஆம் தேதி, யார் மேலயும் விசாரணை ஏதும் நடக்கலைன்னு எஃப்ஐஏ முடிச்சிருச்சு.

மூணு நாள்ல முடிஞ்ச கதையா இது? அந்த அம்மாவுக்கு முடியலை. 2024 மார்ச்ல, இந்த அறிக்கை சம்பந்தமா பிரான்ஸ் கோர்ட்ல கிரிமினல் புகார் கொடுத்திருக்கறதா அவங்களே அறிவிச்சாங்க. அதையும் சமூக ஊடகத்துலதான் அறிவிச்சாங்க. அந்த அறிக்கையை நான் பத்துத் தடவையாவது படிச்சிருப்பேன். அதுல பொய்னு சொல்ல ஒரு வரி இல்லை. "பத்திரிகையில வருது, பார்க்கறோம்", அவ்வளவுதான். ஆனா ஊர்ல பேசற வதந்திக்குப் பஞ்சாயத்து போர்டு முத்திரை குத்தின மாதிரி ஆகிப் போச்சு. ஒரு தலைமை அமைப்பு பதிவு போடறப்ப அதுல உண்மை இருக்கா பொய் இருக்காங்கறது ஒரு கேள்வி, அந்தப் பதிவு என்ன வேலை செய்யப் போகுதுங்கறது இன்னொரு கேள்வி. ரெண்டாவது கேள்வியை அன்னிக்கு யாரும் கேட்ட மாதிரி தெரியலை.

இதே எஃப்ஐஏ இணையத்துல நடக்கற வசவுக்கு எதிரா இயக்கமும் நடத்துது. அதுக்குக் காரணம் இருக்கு. 2022 அமெரிக்கப் பந்தயத்துல ஸ்டூவர்டா இருந்த சில்வியா பெய்யோட்டுக்குக் கொலை மிரட்டல் வந்துச்சு. 2021 அபுதாபி கடைசிச் சுற்றுக் குழப்பத்துக்கு அப்புறம் ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாசிக்கும் வந்துச்சு. அந்த வருஷம் ரேஸ் டைரக்டர் கிட்ட அணிகள் ரேடியோவுல கெஞ்சறதை, மிரட்டறதை டிவியில போட்டுக் காட்டினாங்க, நாமளும் வாயைப் பொளந்து கேட்டோம். அடுத்த வருஷம் அதை நிறுத்திட்டாங்க. நிறுத்தினது சரின்னுதான் எனக்குத் தோணுது, கேக்க எவ்வளவு கிளுகிளுப்பா இருந்தாலும்.

இதுல யாரும் பேசாத ஒண்ணு எனக்குப் பிடிக்கும். ஃபார்முலா ஒன் வார இறுதியில எஃப்ஐஏ ஒவ்வொரு முடிவையும் நம்பர் போட்டு, தேதி போட்டு, எத்தனை மணிக்கு வெளியிட்டாங்கன்னு நேரம் போட்டு, ஒரு பிடிஎஃப்பா வெளிய விடும். என்ன நடந்தது, எந்த விதி மீறல், என்ன தண்டனை, ஏன். ஒரு பக்கம், ரெண்டு பக்கம், அழகே இருக்காது. ஆனா அது லெட்ஜர் மாதிரி. லைக் வாங்காது, ஆனா நிக்கும்.

இது ஏன் எனக்குப் பிடிக்கும்னா எங்க அண்ணனாலதான்.

பெரியப்பா பையன். சின்ன வயசுல இருந்து லேத், வெல்டிங், கார்பரேட்டர். ஒரு சின்ன ரேஸ் டீம்ல வார இறுதி மெக்கானிக்கா இருந்தான். பந்தயம் எங்க நடந்துச்சு, யார் நடத்தினாங்கன்னு எல்லாம் சொல்ல மாட்டேன், சொல்லி ஆகப் போறதும் இல்லை. மழையால கடைசி லேப்ல சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்திட்டாங்க. அப்படி நிறுத்தினா முந்தின லேப் கணக்குலதான் யார் எத்தனாவதுன்னு பார்ப்பாங்க. எங்க அண்ணன் கணக்குப்படி அவங்க வண்டி மூணாவது. டீம்ல ஸ்டாப்வாட்சும் நோட்டும் வெச்சு ஒருத்தர் எழுதிக்கிட்டேதான் இருந்தார்.

ரிசல்ட் வாட்ஸப் குரூப்ல வரும்னு காலையிலயே சொல்லியிருந்தாங்க. மழை, சேறு, எல்லாரும் வண்டியை லாரியில ஏத்திக்கிட்டு இருக்காங்க. சிக்னல் ஒரு கோடு காட்டுது, அப்புறம் அதுவும் இல்லை. குரூப்ல ரிசல்ட் பேப்பரோட ஃபோட்டோ வந்தப்ப நாலாவதுன்னு போட்டிருந்துச்சு. நோட்டைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அங்க சொன்ன பதில்: நேரம் முடிஞ்சிருச்சு.

எஃப்ஐஏவோட சர்வதேச விளையாட்டு விதித் தொகுப்புல இது இருக்கு. தற்காலிக ரிசல்ட் வெளியிட்ட நேரத்துல இருந்து முப்பது நிமிஷத்துக்குள்ள எழுத்துல ஆட்சேபம் கொடுக்கணும், கூடவே கட்டணமும் கட்டணும். வெளியிட்ட நேரம்னா அதிகாரபூர்வ அறிவிப்புப் பலகையில ஒட்டின நேரம். வாட்ஸப்ல வந்த நேரம் இல்லை. அந்தப் பேப்பர் அங்க ஒட்டி நாப்பது நிமிஷம் ஆகியிருந்துச்சு, மேல பேனாவுல நேரம் எழுதிக் கையெழுத்தும் இருந்துச்சு. சட்டப்படி அவங்க பண்ணினதுல தப்பே இல்லை. அண்ணனே அதை ஒத்துக்கறான். அவனோட கணக்கு சரியா, அவங்க கணக்கு சரியான்னு பார்க்கறதுக்கு வாய்ப்பே இல்லாமப் போச்சு, அதுதான் அவனுக்கு ஆறலை.

மூணாவதுக்கும் நாலாவதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்ங்கறீங்களா? மேடையில நிக்கறது மூணு பேர்தான். அந்த டீமுக்குக் காசு கொடுத்தது நம்மூர் பம்பு கம்பெனி ஒண்ணு. அவங்களுக்கு வேண்டியது கம்பெனி பேர் போட்ட சட்டையோட, கையில கப்போட ஒரு ஃபோட்டோ, அவங்க ஃபேஸ்புக் பக்கத்துல போட. ஃபோட்டோ இல்லை, அடுத்த வருஷம் காசும் இல்லை. டீம் கலைஞ்சு போச்சு. அண்ணன் ஒன்றரை வருஷம் லேத்துக்கே போனான். ஞாயித்துக்கிழமை ட்ராக் பக்கம் இருந்து சத்தம் வந்தா டிவி வால்யூமைக் கூட்டுவான்.

எனக்கு ப்ராஜெக்ட்ல கேள்வி அங்கதான் பொறந்துச்சு. ஒரு தலைவர் ட்விட்டர்ல எழுதினது "வெறும் சொந்தக் கருத்து", ஆனா அது 2000 கோடி டாலர் வியாபாரத்துல போயி இடிக்குது. குரூப்ல நாங்களே சொல்லுவோம்னு சொன்ன ரிசல்ட் "அதிகாரபூர்வம் இல்லை". அப்ப எது பேச்சு, எது அறிவிப்பு? உச்சியில இருக்கறவங்களுக்கு இது சௌகரியமான குழப்பம். இங்க கீழ ஸ்பேனர் பிடிக்கறவனுக்கு முப்பது நிமிஷம். 2024 ஆகஸ்ட் 31 சென்னையில தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி ரேஸ் நடந்தப்பவும் இதைத்தான் பார்த்தோம். எஃப்ஐஏ சான்றிதழ் வந்தாத்தான் ரேஸ்னு ஐகோர்ட் கெடு வெச்சு, அந்தக் கெடுவையும் நீட்டிக்க வேண்டியதாப் போச்சு. ஊரே ஃபோன்ல வந்துருச்சு, வரலைன்னு ஃபார்வர்டு பண்ணிக்கிட்டு இருந்துச்சு. ஃபார்வர்டு எத்தனை வந்தாலும் என்ன, காத்துக்கிட்டு இருந்தது ஒரு காகிதத்துக்கு.

மேடம் கடைசியில ஒத்துக்கிட்டாங்க. ஆனா தலைப்பு நீளமா இருக்குன்னு சுருக்கச் சொல்லியிருக்காங்க. கூடவே அம்பது பேர்கிட்ட கேள்வித்தாள் வாங்கணுமாம். மக்களே, அடுத்த வாரம் ஃபார்ம் எடுத்துக்கிட்டு வருவேன், "தெரியாது"ன்னு எல்லாத்துக்கும் டிக் பண்ணிக் கொடுத்துராதீங்க.

அண்ணன் இப்ப வேற டீம்ல இருக்கான். அங்க அவன் போட்ட சட்டம் ஒண்ணு: கொடி விழுந்ததும் ஒரு ஆள் வேற எந்த வேலையும் செய்யக் கூடாது, போர்டுகிட்ட போயி நிக்கணும். கையில பேனா, ஆட்சேபக் கட்டணத்துக்குப் பணம், டைம் காட்டற ஃபோன். போன தடவை லீவுல போயிருந்தப்ப அந்த ஆள் நான்தான். நல்ல வெயில், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. பதினெட்டாவது நிமிஷம் ஒருத்தர் வந்து நாலு மூலைக்கும் செல்லோடேப் போட்டுப் பேப்பரை ஒட்டிட்டு, என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டுப் போனார். ஃபோட்டோ எடுத்தேன், நேரம் குறிச்சேன், ஓடிப் போயி அண்ணன்கிட்டக் காட்டினேன். எங்க வண்டி ஆறாவது. நோட்டுலயும் ஆறாவதுதான். "சரி தம்பி, டூல் பாக்ஸைப் பிடி"ன்னான்.